பின்சக்கர டிஸ்க்கும் பின்பலகைப் பெயரும்

கைதட்டல் ஓயும்வரை லொறிச் சங்கத் தலைவர் உதுமான் ஹாஜியார் காத்திருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, புன்னகை மாறாமல் தீர்ப்பைச் சொன்னார்.

"மாஷா அல்லாஹ். நல்லாக் கதைச்சீங்க மகள். இந்த மண்டபத்துல இப்பிடி ஒரு பேச்ச நான் கேட்டதில்ல. இனி அந்த டிஸ்கக் கழட்டிப்போட்டு, பழைய ட்ரம்மப் பூட்டுங்க."

மீண்டும் கைதட்டல் எழுந்தது. முதற் கைதட்டலைவிட அது பலமாக இருந்தது என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

நான் வென்ற மேடைகளையே இத்தொடரில் எழுதிவருகிறேன் என்று வாசகர் ஒருவர் குறைப்பட்டிருந்தார். தோற்ற மேடை ஒன்றும் இல்லையா என்று கேட்டிருந்தார். இருக்கிறது. கல்முனை லொறிச் சங்க மண்டபத்தில், சுழலாத மின்விசிறிக்குக் கீழே, பால் விடாத பிளேன்ரீயும் டீசலும் கலந்த வாடையில் நான் தோற்றேன். ஆனால் அவர் அவசரப்பட்டு மகிழ வேண்டாம். இந்த அத்தியாயம் அந்த மண்டபத்தோடு முடியவில்லை.

மண்டபத்தின் பின்வரிசையில் என் ராத்தா, உடன்பிறந்த அக்கா, கைப்பையை இறுகப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். அவர் கணவர், என் மச்சான், தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் லொறி வெளியே நின்றது. அதன் பின்சக்கரங்களில் நான் என் கையால் பூட்டிய டிஸ்க் பிறேக் இருந்தது.

தீர்ப்பின் மிச்சத்தைச் செயலாளர் வாசித்தார். வரும் சனிக்கிழமைக்குள் ட்ரம் திரும்பாவிட்டால், எங்கள் லொறி முறையிலிருந்து நீக்கப்படும்.

முறை என்றால் என்னவென்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். வெள்ளாமை வெட்டு, அதாவது நெல் அறுவடைக் காலத்தில் லொறிகள் சங்கத்து நிறுத்தத்தில் வரிசையாக நிற்கும். முன்னால் நிற்பதற்கே அடுத்த லோட். யாருடைய வயலென்றாலும், யாருடைய நெல்லென்றாலும், வரிசையை மீறி எவரும் லொறி பிடிப்பதில்லை. முறையில் இடமில்லாத லொறிக்கு அந்தப் போகம் முழுவதும் நெல்லில்லை.

## நனைந்த ட்ரம்

எதற்காக இந்த மாற்றம் என்று கேட்பவர்கள் கிட்டங்கித் தாம்போதியை மாரியில் கடந்தவர்களாக இருக்கமாட்டார்கள்.

கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் நடுவே கிடக்கும் அந்தத் தாழ்ந்த பாதைக்கு மேலால் மழைக்காலத்தில் ஆறு நடந்துபோகும். மனிதர்கள் பாதையின் விளிம்பைக் காலால் தடவித் தடவிப் போவார்கள். வாகனங்கள் விளிம்புக் கட்டைகளைக் கண்ணால் எண்ணிக்கொண்டு ஊரும். எல்லோரும் தண்ணீருக்குத்தான் பயப்படுவார்கள். உண்மையான பயம் தண்ணீரைத் தாண்டிய பின்னர்தான் தொடங்குகிறது.

ட்ரம் பிறேக் என்பது மூடிய பானை போன்றது. உள்ளே இரண்டு வளைந்த கட்டைகள் விரிந்து, பானையின் உட்சுவரை உரசிச் சக்கரத்தை நிறுத்தும். பானைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் சுலபத்தில் வெளியேறாது. நனைந்த கட்டை நனைந்த சுவரில் வழுக்கும். டிஸ்க் அப்படியன்று. அது வெளியே திறந்து நிற்கும் தகடு. இரண்டு பக்கத்தாலும் அதை நசுக்கிப் பிடிக்கவேண்டும். நனைந்தாலும் ஒரு சுற்றில் தண்ணீரை உதறிவிடும்.

அதற்கு முந்திய மாரியில் நாவிதன்வெளியில் ஒரு கலியாணத்துக்குப் போய்த் திரும்பினோம். மச்சான் ஓட்டினார். ராத்தா மடியில் கைக்குழந்தை. நான் கதவோரம். தாம்போதி தாண்டியதும் வளைவில் எருமைக் கூட்டம். மச்சான் பெடலை மிதித்தார். லொறி கேட்கவில்லை. மீண்டும் மிதித்தார். நனைந்த பின் ட்ரம் வழுக்க, முன்சக்கரங்கள் மட்டும் பிடித்து, வண்டி ஒருபக்கம் இழுபட்டது. அவர் ஸ்டியரிங்கை வயற்பக்கம் ஒடித்தார். வரம்பை உடைத்துக்கொண்டு சேற்றில் இறங்கி நின்றோம்.

யாருக்கும் ஒன்றுமில்லை. எருமைகள் எங்களைப் பார்த்து அசைபோட்டன. சூடான இரும்பில் தண்ணீர் பட்ட நாற்றம் வந்தது. குழந்தை விழித்து, அழாமல், மீண்டும் உறங்கியது.

"இனி இந்த லொறியில என்ட புள்ளையக் கொண்டு வரமாட்டன்," என்றார் ராத்தா.

"லொறி ஒங்கட பேரிலதானே இரிக்கு லொறிக்காரி," என்றார் மச்சான். "ஒங்கட லொறிய நீங்களே திருத்துங்க."

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். எங்கள் வாப்பா வீட்டோடு லொறியையும் ராத்தாவின் பெயரில் எழுதிவைத்தவர். ஆகவே மச்சான் சொன்னது பகிடி மட்டுமன்று.

ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நுஸ்ரா, நீ படிச்ச படிப்பு இதுக்கு உதவுமா, இல்லாட்டி மேடைக்கு மட்டும்தானா?"

## மைக் இல்லாத இடம்

தொழினுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனத் தொழினுட்பம் படித்த எங்கள் தொகுதியில் நான் ஒருத்தியே பெண். அதே கல்லூரியின் விவாத அணிக்குத் தலைவியும் நானே. முதலாவதை ஊர் மறைத்துப் பேசும். இரண்டாவதைப் பந்தல் போட்டுப் பாராட்டும். மேடையில் நின்று பெண்ணுரிமை பேசினால் பொன்னாடை. மேடையை விட்டிறங்கி ஸ்பானரைத் தொட்டால் பெருமூச்சு. இந்த முரண்பாட்டை நான் எத்தனையோ அரங்குகளில் எடுத்துக்காட்டியிருக்கிறேன். அரங்குகள் கைதட்டியிருக்கின்றன. பெருமூச்சு மட்டும் குறையவில்லை.

ராத்தாவின் வீட்டு வளவில் மழைக்குத் தறப்பாள் கட்டி வேலையைத் தொடங்கினேன். அதே லொறியின் பிந்திய வகையொன்றிலிருந்து டிஸ்க்கோடு கூடிய பின்னச்சு கிடைத்தது. மச்சானும் நானும் பழைய அச்சை இறக்கிப் புதியதை ஏற்றினோம். அச்சை மாற்றுவது பாதி வேலைகூட இல்லை. மிச்சம் முழுவதும் ஒத்திசைவு. ட்ரம்முக்கென்று அமைந்த ஒவ்வொரு உறுப்புக்கும் இனி டிஸ்க்கின் மொழியைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ட்ரம்முக்கு எண்ணெய்க் குழாயில் எப்போதும் சிறிது அழுத்தம் தங்கியிருக்க வேண்டும். அதற்கென்று ஒரு குட்டி வால்வு உண்டு. டிஸ்க்குக்கு அது ஆகாது. தங்கிய அழுத்தம் தகட்டை ஓயாமல் உரசவைக்கும். அந்த வால்வைக் கழற்றினேன். டிஸ்க்குக்கு அதிக எண்ணெய் தேவை. ஆகவே மாஸ்டர் சிலிண்டரைப் பெரிதாக்கினேன். குழாய்களில் புகுந்த காற்றைச் சக்கரம் சக்கரமாக வெளியேற்றினேன். ராத்தா பெடலை மிதித்துப் பிடிக்க, நான் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூடினேன். "மிதிங்க. பிடிங்க. உடுங்க." ஒரு பகல் முழுவதும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

அந்நேரம் பார்த்து மெக்கானிக் ஆதம்பாவா பாஸ் வந்தார். கல்முனைக்குடியில் அவர் கை படாத லொறி இல்லை. தறப்பாளின் ஓரத்தைத் தூக்கிக் குனிந்து பார்த்தார்.

"லொறிக்குக் கீழ மைக் இல்ல புள்ள."

"மைக் இல்லாத இடத்துலதான் பாஸ் நான் இன்னும் சத்தமாக் கதைக்கிற."

"கதை, கதை. ட்ரம் எண்டா கவ்விப் பிடிக்கும். இது ரெண்டு பிஸ்கட்டால தட்ட நசுக்கிற வேல. காருக்குச் சரி. லோட்டுக்கு இது நிக்காது."

கடைசி வேலை, ஒரு தண்டு. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கதை இதில்தான் தங்கியிருக்கிறது.

லொறியின் அடிச்சட்டத்தில் ஒரு வால்வு உண்டு. அதிலிருந்து ஒரு மெல்லிய தண்டு பின்னச்சுக்குப் போகும். பாரம் ஏறினால் உடல் தாழும். தண்டு வால்வின் கையை உயர்த்தும். பின்சக்கரத்துக்குப் பிறேக் அழுத்தம் கூடும். பாரம் இறங்கினால் உடல் உயரும், கை தாழும், அழுத்தம் குறையும். வெறும் லொறியின் பின்சக்கரம் இறுகி வழுக்காமலிருக்க இந்த ஏற்பாடு. சுருங்கச் சொன்னால், லொறி சுமக்கும் பாரத்தை அந்தத் தண்டு உடலின் உயரத்தைக் கொண்டே அறிகிறது. வேறு கண் அதற்கில்லை.

வளவில் இருந்த நெல் மூட்டைகளை ஏற்றி, உடல் தாழ்ந்த அளவுக்குத் தண்டைச் சரிசெய்து, நட்டை இறுக்கி, அசைந்தால் தெரியும்படி வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு இழுத்தேன். பாரத்தோடு வீதியில் ஓட்டிப் பார்த்தோம். ஆணி அடித்தாற்போல நின்றது.

## பலகை விழுந்த பகல்

அதற்கடுத்த வாரம் வெட்டுத் தொடங்கியது. நாவிதன்வெளி வயல்வட்டையிலிருந்து முதல் லோட்டோடு மச்சான் வந்தார். சங்கத்து நிறுத்தத்தில் திருப்பி, பிறேக்கை மிதித்தார்.

லொறி நின்றது. ஆனால் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மூக்கைக் குத்திக்கொண்டு மெல்ல ஊர்ந்துபோய், லொறிச் சங்கத்தின் பெயர்ப்பலகையை இரண்டு கால்களோடும் சாய்த்தபிறகுதான் நின்றது.

பலகைக்குக் கீழே ஹாஜியாரின் லொறிச் சாரதி சிவலிங்கம் அண்ணன் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். பாண்டிருப்புக்காரர். ஒரே பாய்ச்சலில் வடிகானுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். கையில் கிளாஸ் அப்படியே இருந்தது.

"ரீ சிந்தல்லப்பா," என்று எல்லோருக்கும் காட்டினார். "பிறேக் லொறிக்கில்ல, எனக்குத்தான் நல்லாப் பிடிக்குது!"

நிறுத்தமே சிரித்தது. பலகையில் இருந்த சங்கத்தின் பெயர் நிலத்தில் குப்புறக் கிடந்தது. ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம் வைத்தார்கள். லொறியைத் தொட்டுப் பார்க்க எனக்கு அவகாசம் தரப்படவில்லை. பேச மட்டும் தந்தார்கள். பேசினேன். தண்ணீரின் இயல்பைப் பேசினேன். வெப்பத்தின் இயல்பைப் பேசினேன். பழகியதெல்லாம் பாதுகாப்பானதா என்று கேட்டேன். வண்டி வரம்பு உடைத்த நாளைச் சொன்னபோது மண்டபம் மூச்சடக்கியது.

ஆதம்பாவா பாஸ் எழுந்து ஒரே வசனம் சொன்னார். "புள்ள நல்லாத்தான் கதைக்கிது, ஆனாப் பலக விழுந்திட்டே."

முடிவு உங்களுக்குத் தெரியும்.

## எதிரணிக்காக ஒரு வாதம்

வீடு திரும்பும் வழியில் மச்சான் மெதுவாகச் சொன்னார். "பழைய அச்சு பின்வளவிலதான் கிடக்கு. ரெண்டு பகல் வேல. பூட்டிருவமே."

"பூட்டமாட்டன்."

"அப்ப இந்தப் போகம்?"

"சனிக்கிழமை வரட்டும் மச்சான்."

விவாதப் பயிற்சியில் எனக்குப் பிடித்த ஒழுங்கு ஒன்றுண்டு. எதிரணியின் வாதத்தை, எதிரணியே நாணும் அளவுக்குச் சிறப்பாக முதலில் நீ சொல்லிப் பார்க்கவேண்டும். அது எந்த இடத்தில் வலுவிழக்கிறதோ அந்த இடமே உன் இடம். மேடையில் நூறு முறை செய்ததை அடுத்த நாட் காலை லொறிக்குக் கீழே செய்தேன். ஆதம்பாவா பாஸின் இடத்தில் என்னை வைத்து என் பிறேக்கைக் குற்றஞ்சாட்டினேன்.

எண்ணெய் கசிந்திருக்கலாம். கசியவில்லை. குழாயில் காற்று இருக்கலாம். இல்லை. டிஸ்க் தகடு வளைந்திருக்கலாம். வளையவில்லை. லோட்டுக்கு இது நிக்காது என்றாரே? நன்று, அப்படியானால் லோட் ஏற்றப்பட்ட லொறியில் வைத்தே அதைக் காட்டு.

மூட்டைகளை மீண்டும் ஏற்றினோம். நான் கீழே படுத்து, தண்டின் கை உயர்வதைப் பார்க்கக் காத்திருந்தேன். மூட்டை மேல் மூட்டை விழும் அதிர்வு முதுகுக்கு வந்தது. கை உயரவில்லை. நட்டில் நான் இழுத்த வெள்ளைக் கோடு அசையாமல் இருந்தது. அப்படியானால் தண்டு மாறவில்லை. உடல்தான் தாழவில்லை.

இவ்வளவு பாரத்துக்கும் உடல் ஏன் தாழவில்லை?

தலையைத் திருப்பினேன். லொறியின் உடலைத் தாங்கும் துருவேறிய வில்தகடுகளுக்கு நடுவே, பக்கத்துக்கு இரண்டாக, கறுப்புப் பெயின்ற் காயாத புதுத் தகடுகள் மினுங்கின.

"மச்சான்! இந்த ஸ்பிரிங் தகடு எப்ப போட்ட?"

"வெட்டுக்கு முந்தித்தான். ஏன்?"

"என்னட்ட ஏன் செல்லல்ல?"

"இதென்ன கேள்வி புள்ள? வருஷா வருஷம் போடுறதானே. பெருநாளைக்கிப் புதுச்சட்ட போடுற எண்டு ஒன்னட்ட வந்து செல்லுவனா?"

நான் லொறிக்குக் கீழேயே படுத்துச் சிரித்தேன். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. இந்தக் கரையில் வெட்டுக்கு முன் எல்லா லொறியும் தகடு கூட்டும். பாரம் கூடுதலாக ஏற்றலாம், பின்பக்கம் தொங்காது, பார்க்கவும் மிடுக்காக இருக்கும். எவரும் அதை ஒரு மாற்றமாகவே எண்ணுவதில்லை. அதனால்தான் எவரும் சொல்லவுமில்லை, கேட்கவுமில்லை.

தகடு கூடியதால் உடல் தாழவில்லை. உடல் தாழாததால், நெல் நிறைந்த லொறியைத் தண்டு வெறும் லொறியென்று நம்பியது. நம்பிப் பின்சக்கரத்துக்கு அழுத்தத்தைக் குறைத்துக் கொடுத்தது. என் டிஸ்க் பிடிக்க மறுக்கவில்லை. பிடிக்கச் சொல்லி அதற்குக் கட்டளையே போகவில்லை.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. சிரிப்பு நின்றது. இதே தண்டு ஹாஜியாரின் லொறியிலும் உண்டு. இதே தகடுகளும் உண்டு. பிறேக் ட்ரம்மோ டிஸ்க்கோ, தண்டு ஏமாந்தால் ஏமாந்ததுதான். என் பிறேக்கைக் குற்றஞ்சாட்டிய மண்டபத்தில் பாதிப்பேர் ஆண்டுதோறும் அரைப் பிறேக்கில் நெல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

## மணலில் கோடு

மச்சானோடு பேரம் நடந்தது. இரண்டு பக்கத்துப் புதுத் தகடுகளையும் கழற்றச் சொன்னேன். ஒன்றையும் கழற்றமாட்டேன் என்றார். ராத்தா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"பக்கத்துக்கு ஒண்டக் கழட்டுங்க. லொறிக்காரி செல்றன்."

கழற்றினோம். மிஞ்சிய உயரத்துக்கு ஏற்பத் தண்டை நீட்டிப் பூட்டினேன். பாரத்தோடு பார்த்தோம்; கை உயர்ந்தது. பிறகு வெறுமையாகப் பார்க்கவேண்டும். தண்டு அளவுக்கு மிஞ்சி நீண்டால், வெறும் லொறியின் பின்சக்கரம் முந்தி இறுகி வண்டி சுழன்றுவிடும்.

கடற்கரையோர வீதியில், காற்று மணலை மெல்லிய விரிப்பாகப் போட்டு வைத்திருந்த இடத்தில், மச்சான் வேகமாக வந்து மிதித்தார். நான் ஓடிப்போய்க் குனிந்தேன். முன்சக்கரம் இறுகி இழுத்த கோடு முதலில் தொடங்கியிருந்தது. பின்சக்கரத்தின் கோடு பிந்தி, மெலிந்து வந்தது. மீண்டும் ஓட்டச் சொன்னேன். மீண்டும் அதே வரிசை, வேண்டிய வரிசை. தோணிகளைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு, ஒரு பெண் வீதியில் முழந்தாளிட்டு மணலை வாசிப்பதைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அன்றே ஹாஜியாருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஹாஜியார், ட்ரம் பூட்டமாட்டன். கிட்டங்கிக்கு வாங்க. ஒங்கட லொறியையும் லோட்டோட கொண்டு வாங்க. பாஸையும் கூட்டி வாங்க."

"மகள், இது விவாதப் போட்டியில்ல."

"ஓம். அதாலதான் வரச் செல்ற."

## தாம்போதி

மாரியின் கடைசி மழை அந்த வாரம் கொட்டியிருந்தது. தாம்போதிக்கு மேல் கணுக்காலுக்குச் சற்று உயரமாகத் தண்ணீர் நழுவிக்கொண்டிருந்தது. தண்ணீரில் மிதந்த ஆற்றுவாழைச் செடிகளின் மணம். நேரான வீதியில், தண்ணீருக்கு அப்பால் சற்றுத் தள்ளி, ஈரச் சாக்கொன்றைக் குறுக்காக விரித்தோம். சாக்கில் முன்சக்கரம் பட்டதும் மிதிக்கவேண்டும், அதுவே நிபந்தனை. இரண்டு பக்கமும் ஆட்களை மறித்து வீதியை வெறுமையாக்கினோம்.

முதலில் ஹாஜியாரின் லொறி. சிவலிங்கம் அண்ணன் தண்ணீரை நிதானமாகக் கடந்து, வேகமெடுத்து, சாக்கில் மிதித்தார். லொறி மூக்கைக் குத்தியது. ஊர்ந்தது. இன்னும் ஊர்ந்தது. நாங்கள் எல்லோரும் கழுத்தைத் திருப்பி அதைப் பின்தொடரவேண்டியிருந்தது.

இறங்கி வந்து, சாக்கையும் லொறியையும் மாறிமாறிப் பார்த்தார். "தங்கச்சி, இவ்வளவு தூரமா?" அவர் குரலில் இப்போது பகிடி இல்லை. "நான் தினமும் இந்த வளைவாலதானே வாறன்."

அடுத்தது எங்கள் லொறி. அதே வட்டை நெல், அதே அளவு லோட். ஆதம்பாவா பாஸ் தானும் ஏறவேண்டும் என்றார். மச்சானுக்குப் பக்கத்தில் ஏறி, கதவை அறைந்து சாத்தினார். ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் உதடு துஆவில் அசைந்தது. நான் எதையும் ஓதவில்லை, தண்டையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் இரண்டு பக்கமும் விசிறியது. லொறி ஏறி வந்தது. வேகமெடுத்தது. சாக்கு.

பின்பக்கம் அமர்ந்தது. மூக்குக் குத்தவில்லை, வண்டி முழுவதும் ஒரே உடலாக நிலத்தில் உட்கார்ந்தது. சாக்கு இன்னும் லொறியின் அடியிலேயே கிடந்தது.

யாரும் கைதட்டவில்லை. நான் கேட்ட மௌனங்களிலேயே அழகானது அது.

ஆதம்பாவா பாஸ் இறங்கினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈர வீதியில் முழங்கை ஊன்றிக் கீழே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்து, உள்ளங்கையைச் சாரத்தில் துடைத்தார்.

"தண்டு எவ்வளவு கூட்டின?"

அது பாராட்டில்லை, மன்னிப்புமில்லை. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியிடம் கேட்கும் கேள்வி. நான் விரும்பியதும் அதுவே.

"ஒங்கட லொறிகளக் கொண்டு வாங்க பாஸ். தகட்டப் பாத்து அளந்துதான் செல்லலாம். எல்லாத்துக்கும் ஒரே அளவில்ல."

## ஒரு சின்ன வசதி

ஹாஜியார் என்னையும் ராத்தாவையும் ஒருபக்கமாக அழைத்தார். குடையை ஊன்றி நின்றார். அவர் கெட்ட மனிதரல்லர்; அதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். நன்மையென்று நினைத்துத்தான் அதைச் சொன்னார்.

"லொறி முறையில நிக்கட்டும். பிரச்சின இல்ல. ஆனா மகள், மாப்பிள்ளதான் இந்த வேலயச் செய்த எண்டு சங்கத்துல செல்லிருவம். நீங்க கூடமாட நிண்ட. அவ்வளவுதான்."

"ஏன் ஹாஜியார்?"

"நாளைக்கி ஒங்களுக்கும் ஒரு இடம் பேசி வருவாங்க. லொறிக்குக் கீழ படுக்கிற புள்ள எண்டு கத போனா யாருக்கு நட்டம்? மத்தது, பொம்பிளப் புள்ள பூட்டின பிறேக் எண்டா ட்ரைவர்மாரும் நம்பமாட்டாங்க. பேருல என்ன இரிக்கு மகள்? பிறேக் பிடிச்சாச் சரிதானே?"

மச்சான் அங்கேதான் நின்றார். அவர் தலையசைத்திருந்தால் விடயம் அன்றே முடிந்திருக்கும். அவர் தாடியைச் சொறிந்தார்.

"ஹாஜியார், எனக்கு அந்தத் தண்டு எங்க இரிக்கு எண்டே போன வாரம்தான் தெரியும். நாளைக்கி யாரும் என்னட்டக் கேள்வி கேட்டா நான் எங்க போய் ஒளிக்கிற?"

நான் சொன்னேன்: "பலக விழுந்த நேரம் அது என்ட பிறேக். மண்டபத்துல எல்லாரும் என்ட பேரச் செல்லித்தான் தீர்ப்புக் கேட்டீங்க. நிண்ட நேரம் மட்டும் அது மச்சான்ட பிறேக் ஆகுமா? ஏலா ஹாஜியார். விழுந்ததும் என்ட பேருலதான். நிண்டதும் என்ட பேருலதான்."

அவர் குடையைச் சுருக்கினார். "அப்ப சனிக்கிழம பாப்பம்."

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். நான் உள்ளுக்குள் சனிக்கிழமைக்கான உரையை அடுக்கிக்கொண்டிருந்தேன். தொடக்கம் கிடைத்துவிட்டது. மூன்று வாதங்கள் கிடைத்துவிட்டன. முடிவு மட்டும் இன்னும் கூர்மையாக வேண்டும்.

அந்த உரையை நான் ஆற்றவேயில்லை.

விழுந்த பெயர்ப்பலகையைப் புதுப்பித்து எழுத வெள்ளிக்கிழமை ஒரு பெயின்றர் வந்திருந்தார். ஜும்ஆ தொழுகை நேரம் முடிந்து நான் வெளியே வந்து பார்க்கிறேன், அவர் எங்கள் வளவில் நிற்கிறார். சங்கத்துப் பலகைக்குக் கலந்த அதே மஞ்சட் பெயின்ற் கையில். எங்கள் லொறியின் பின்பலகையில், வழக்கமான மாஷா அல்லாஹ்வுக்குக் கீழே, ராத்தா விரலால் காட்டிய இடத்தில் அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

பின் பிறேக்: நுஸ்ரா.

"எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா வரட்டும்," என்றார் ராத்தா. "பின்னால வாறவனுக்கு விளங்கவேணும்."

சனிக்கிழமை விடிந்ததும் மச்சான் லொறியைக் கொண்டுபோய் நிறுத்தத்தின் முன்வரிசையில் விட்டார். நானும் ராத்தாவும் கூடவே போனோம். புதிய பெயர்ப்பலகை நிமிர்ந்து நின்றது. அதே மஞ்சள். சாரதிமார் ஒவ்வொருவராக வந்து பின்பலகையை வாசித்துவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போனார்கள்.

ஹாஜியார் வந்தார். வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மீண்டும் வாசித்தார். நான் நிமிர்ந்து நின்றேன். மூன்று வாதங்களும் நாவின் நுனியில் நின்றன.

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் லொறிக்குப் பின்னால், பின்பலகையை முட்டுமாப்போல லொறியைக் கொண்டுவந்துகொண்டிருந்த தன் சாரதியைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"சிவலிங்கம், கொஞ்சம் இடைவெளி உட்டு நிப்பாட்டுங்க. அது டக்கெண்டு நிக்கிற லொறி."

அதுவே அந்தச் சனிக்கிழமைத் தீர்ப்பு. வேறெதுவும் வாசிக்கப்படவில்லை.

இன்றும் அந்த எழுத்து அங்கே இருக்கிறது. உப்புக்காற்றில் மஞ்சள் சற்று வெளிறியபோது ராத்தா மறுபடி எழுதுவித்தார். என்னைப் பெண்கேட்டு வந்த ஒரு வீட்டார் அந்தப் பெயரை அழிக்கமுடியுமா என்று விசாரித்தார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுத்து, வழியனுப்பிவைத்தோம்.

கல்முனை வீதியில் அந்த லொறிக்குப் பின்னால் நீங்கள் வர நேர்ந்தால், பெயரை வாசிக்கும் தூரத்திலேயே வாருங்கள். அதற்குமேல் நெருங்க வேண்டாம். நாங்கள் நின்றுவிடுவோம்.